முன்தூக்கியின் பக்கெட் ஒரு பக்கம் சாய்வது ஏன்?



சிறிய டிராக்டரின் முன்னால் இரண்டு இரும்புக் கைகளைப் பொருத்தி, அவற்றின் நுனியில் ஒரு பக்கெட்டை மாட்டினால் அது மண் அள்ளும், மணல் சுமக்கும், மேடு பள்ளத்தை நிரவும். முன்தூக்கி என்றும் லோடர் என்றும் நாம் அதை அழைக்கிறோம். அந்தப் பக்கெட்டின் ஒரு மூலை தாழ்ந்து, மறு மூலை உயர்ந்து நின்றால் அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது மெக்கானிக்குகளுக்கு மட்டும் உரிய செய்தி என்று கருதி வானொலியை மூடிவிட வேண்டாம். பள்ளிக் கணக்கும் சிறிது பொறுமையும் உள்ள எவரும் செய்யக்கூடிய ஆராய்ச்சி இது.

நாம் வாழும் செம்பவாங் வட்டாரத்துக்கு மட்டம் பார்க்கும் வேலை புதிதன்று. செம்பவாங் என்னும் பெயரே ஒரு மரத்தின் பெயரால் ஏற்பட்டது என்பர். ரப்பரும் அன்னாசியும் விளைந்த இந்தப் பகுதியில் பிரிட்டிஷார் கடற்படைத் தளம் அமைத்தனர். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் கொண்ட உலர்துறை இங்கே திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 1,000 அடி. அங்கே தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக உழைத்தார்கள். 1968இல் அந்தப் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பவாங் கப்பல் பட்டறை ஆயிற்று.

உலர்துறைக்குள் கப்பலைக் கொண்டுவருவதற்கு முன்பே, அடியில் வரிசையாகக் கட்டைகளை அடுக்கி அவற்றின் உயரத்தைச் சரிபார்ப்பார்கள். தண்ணீர் வடிய வடியக் கப்பல் அந்தக் கட்டைகளின்மேல் வந்து அமரும். ஒரு கட்டை உயர்ந்திருந்தால் பாரம் முழுவதும் அந்த ஓர் இடத்தில் ஏறிவிடும். ஆகவே கப்பலைப் பற்றிப் பேசுமுன் அது உட்காரும் இடத்தைப் பார்ப்பது துறைத் தொழிலாளியின் வழக்கம். இந்த வழக்கம் நம் டிராக்டருக்கும் பொருந்தும் என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

இன்று இந்தப் பகுதியில் பூங்காக்களும் பள்ளித் திடல்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து வந்த நம் சகோதரர்கள் பலர் புல்வெளி அமைப்பதிலும் மண் வேலையிலும் ஈடுபட்டிருக்கிறார்கள். ஊரில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர்கள் அவர்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும்போது அவர்கள் பேச்சில் வீட்டுச் செய்தியோடு வண்டிச் செய்தியும் வரும். அவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பேச்சைத் தயாரித்தோம்.

முதலில், இரண்டு சென்டிமீட்டர் சாய்வு பெரிய குறையா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கெட்டின் அகலம் 120 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இடது மூலை 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. அப்படியானால் 60க்கு 1 என்ற சாய்வு. புல்வெளியில் மழைநீர் வடிவதற்கு 100க்கு 1 சரிவு வைத்தாலே போதும் என்பார்கள். நாம் வேண்டுமென்று வைக்கும் சரிவைவிட, வேண்டாமல் விழும் சரிவு பெரிதாகிவிடுகிறது.

இதோடு முடியவில்லை. ஓட்டுபவர் ஒரு முறை முன்னே நிரவிச் செல்கிறார். திரும்பி வந்து அடுத்த பட்டையை எதிர்த்திசையில் நிரவுகிறார். அப்போது தாழ்ந்த மூலையும் தாழ்ந்த மூலையும் அருகருகே சேர்கின்றன. இரண்டு தாழ்வு சேர்ந்த இடம் வாய்க்கால் ஆகிறது. இரண்டு உயர்வு சேர்ந்த இடம் வரப்பு ஆகிறது. திடல் முழுவதும் உழுத வயல்போல வரிவரியாகத் தோன்றும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இந்த நாட்டில் அந்த வாய்க்கால்களில் தண்ணீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டை பொரித்துப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். தேங்கிய நீர் டெங்கிக் காய்ச்சலுக்கு விடும் அழைப்பு என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும்.

இன்னொரு கேடும் உண்டு. திடல் கோணலானால் பழி வண்டியின்மேல் விழுவதில்லை, ஓட்டியவர்மேல் விழுகிறது. "கை சரியில்லை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அல்லது, "மூலையால் குத்தித் தோண்டி நீதான் வளைத்துவிட்டாய்" என்பார்கள். காரணத்தை அளந்து காட்டத் தெரிந்தால் ஒரு தொழிலாளியின் நல்ல பெயர் காப்பாற்றப்படும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்கு ஒரு முறையைக் கற்பித்தார்கள். மாணவன் நீண்ட கணக்கு ஒன்றில் தவறான விடை எழுதினால் விடையை மட்டும் அடித்துத் திருத்தாதே. முதல் வரியிலிருந்து படித்துவா. எந்த வரியில் தவறு முதன்முதலில் தோன்றுகிறதோ அங்கே நில் என்பார்கள். சாய்ந்த பக்கெட்டுக்கும் இதே முறைதான். பக்கெட் என்பது கடைசி வரி. அதற்கு முன்னால் தரை, டயர், அச்சு, சட்டம், கைகள் என்று ஐந்து வரிகள் இருக்கின்றன. தவறு அவற்றில் எதிலும் தொடங்கியிருக்கலாம். தெரிவது மட்டும் பக்கெட்டில்.

அளக்கத் தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிச் சில சொற்கள். தூக்கி நிறுத்திய பக்கெட்டின் கீழே காலையோ கையையோ நீட்டக் கூடாது. எதையாவது கழற்றுவதானால் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, நெம்புகோலை நாலு பக்கமும் அசைத்துக் குழாயில் அடைபட்ட அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது மிகவும் ஆபத்து. ஊசித் துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டித்தான் கசிவைப் பார்க்க வேண்டும். யாருக்காவது அப்படி எண்ணெய் பாய்ந்துவிட்டால், வலி இல்லை என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்புக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. ஆனாலும் நம் விரலுக்கு முதல் காவலர் நாமே.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம்.

எளிதானதை முதலில் பார்ப்பது நல்லது. பக்கெட்டை விரைவில் மாட்டிக் கழற்றும் வசதி உள்ள வண்டிகளில், பக்கெட்டுக்கும் அதைப் பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே மண் இறுகி அடைத்துக்கொள்வதுண்டு. ஒரு பக்கத்துத் தாழ்ப்பாள் முழுவதும் விழாமல் பாதியில் நிற்கலாம். இரண்டும் பக்கெட்டை ஒரு பக்கம் சாய்த்துவிடும். தாழ்ப்பாள் விழாத பக்கெட் வேலை நடுவே கழன்று விழவும் கூடும். ஆகவே கம்பித் தூரிகையால் மண்ணை அகற்றி, இரு பக்கத் தாழ்ப்பாள்களையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்க. முன்தூக்கி முழுவதையும் டிராக்டரிலிருந்து கழற்றி மாட்டும் வகையானால், சட்டத்தில் அது உட்காரும் இடத்துப் பின்கள் இரு பக்கமும் முழுதாக நுழைந்துள்ளனவா, போல்ட்டுகள் இறுக்கமா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவு பத்து நிமிடம். பல குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது தரை. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் சிமென்ட் தரையும் மட்டமாக இராது. தண்ணீர் ஓடுவதற்காகவே சரிவு வைத்துப் பூசியிருப்பார்கள். ஆகவே பக்கெட்டின் மூலையிலிருந்து தரைக்கு அளப்பதைவிட, கொத்தனார் பயன்படுத்தும் மட்டக்குழாயால் அளப்பதே சிறந்தது. தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பது பள்ளிப் பாடம். ஒருவர் இடது மூலையில், ஒருவர் வலது மூலையில் நின்று, வெட்டும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளவுகோலால் அளக்கலாம். பக்கெட் காலியாக, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கட்டும். எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்கட்டும்.

இப்போது தரையின் சரிவையும் வண்டியின் சாய்வையும் பிரிக்க ஓர் எளிய உபாயம் சொல்கிறோம். பின் சக்கரங்கள் இரண்டும் நிற்கும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்க. முதல் அளவை எழுதிய பிறகு, வண்டியை முழுதாகத் திருப்பி, வலச் சக்கரம் நின்ற குறியில் இடச் சக்கரமும், இடச் சக்கரம் நின்ற குறியில் வலச் சக்கரமும் நிற்கும்படி நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும். முதலில் இடது மூலை 2.6 சென்டிமீட்டர் தாழ்வு. திருப்பிய பின் அதே இடது மூலை 1.4 சென்டிமீட்டர் தாழ்வு என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 4.0, பாதி 2.0. இது வண்டியின் சாய்வு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 1.2, பாதி 0.6. இது தரையின் பங்கு. திருப்பி நிறுத்தியதும் தாழ்வு இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு மாறி, அளவும் ஏறத்தாழ அதுவே ஆனால், வண்டியில் குறையே இல்லை, குறை தரையில்.

பின் சக்கரங்களை மட்டும் குறிக்கச் சொன்னோம். முன் சக்கரங்களை ஏன் விட்டோம் என்று கவனமுள்ள நேயர் ஒருவர் கேட்கலாம். இங்கேதான் டிராக்டரின் அமைப்பு நமக்குப் புரிய வேண்டும். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு பின்னைக் கொண்டு பொருத்தப்பட்டு, தராசுக் கோல்போல இரு பக்கமும் அசையும். முன் சக்கரங்களில் ஒன்று கல்லின்மேல் ஏறினாலும் உடல் அவ்வளவாகச் சாயாது. அச்சு மட்டும் சாயும். பின் அச்சோ உடலோடு இறுகப் பிணைந்தது. ஆகவே டிராக்டரின் உடல் இடமோ வலமோ சாய்வதைத் தீர்மானிப்பவை பின் சக்கரங்கள். முன்தூக்கி அந்த உடலோடு பிணைந்தது. முன்னால் நிற்கும் பக்கெட்டின் மட்டம் பின்னால் இருக்கும் டயரின் காற்றில் தங்கியிருக்கிறது.

இதற்கும் கணக்கு உண்டு. பின் சக்கரங்களுக்கு இடையே 100 சென்டிமீட்டர் தூரம். இடது டயரில் காற்றுக் குறைந்து அந்தப் பக்கம் 1.5 சென்டிமீட்டர் தாழ்ந்துள்ளது. பக்கெட்டின் அகலம் 120 சென்டிமீட்டர் என்பதால் அங்கே வேறுபாடு 1.8 சென்டிமீட்டராகப் பெருகும். ஆகவே காலையில், வண்டி வேலைக்குப் போகுமுன், டயர் சூடேறாத நேரத்தில் இரண்டு பின் டயர்களின் காற்றையும் அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டும். இரு டயர்களும் ஒரே அளவுடையனவா, ஒன்று புதிதும் மற்றது தேய்ந்ததுமா, பாரத்துக்காக ஒன்றில் மட்டும் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். இந்த வட்டாரத்துத் திடல் ஒன்றை நிரவும் வேலை நடந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வண்டி ஓட்டினார். மூன்று நாள் வேலைக்குப் பிறகு மழை பெய்தது. திடலில் வரிவரியாகத் தண்ணீர் நின்றது. பக்கெட் இடப்பக்கம் சாய்ந்திருப்பதை அப்போதுதான் கண்டார்கள். மேற்பார்வை செய்தவர் தூக்கும் சிலிண்டர் கெட்டுவிட்டது என்றார்; மரவேரை மூலையால் நெம்பி அதைக் கெடுத்தவர் அந்தத் தம்பியே என்றும் சொன்னார். சிலிண்டரின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பது பற்றிக்கூடப் பேச்சு நடந்தது. தம்பி எதிர்த்துப் பேசவில்லை. "சார், நான் வேர் எதையும் தோண்டவில்லை, இதை எப்படி நிரூபிப்பது?" என்று நம்மிடம் வந்து கேட்டார். மட்டக்குழாயும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு வரிசையாக அளந்தோம். பின் அச்சிலேயே இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கத்து டயரில் ஒரு மெல்லிய ஆணி. இரவு முழுவதும் காற்று சிறுகச் சிறுக இறங்கியிருக்கிறது. பாரம் முன்னால்தானே என்று காலைதோறும் முன் டயர்களுக்கு மட்டும் காற்றுப் பார்த்துவந்திருக்கிறார்கள். பஞ்சர் ஒட்டியதும் பக்கெட் மட்டமாயிற்று. சம்பளப் பிடிப்புப் பேச்சும் அத்தோடு நின்றது. அந்தத் தம்பிக்குக் கிடைத்த நிம்மதி சிலிண்டரின் விலையைவிடப் பெரிது.

அந்த மேற்பார்வையாளர் சிலிண்டரைச் சந்தேகித்தது விந்தையன்று. பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இரண்டு சிலிண்டர்கள் இரண்டு கைகளைத் தூக்குகின்றன. ஒன்று வலுவிழந்தால் அந்தப் பக்கம் தாழும் என்பது அவர்கள் நினைப்பு. இது சரிதானா?

பிரான்சு நாட்டில் 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பாஸ்கல் என்னும் அறிஞர், மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று விளக்கினார். அந்த விதியைக் கொண்டே இங்கிலாந்தில் பிராமா என்பவர் 1795இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நம் முன்தூக்கி அந்த வழியில் வந்த பேரப்பிள்ளை. இதன் இரு தூக்கும் சிலிண்டர்களுக்கும் ஒரே வால்வு வழியாக, ஒரே குழாய் கிளைத்து எண்ணெய் செல்கிறது. ஆகவே இரண்டிலும் அழுத்தம் ஒன்றே. இடக் கையையும் வலக் கையையும் இணைபிரியாமல் வைத்திருப்பது எண்ணெய் அன்று. இரண்டுக்கும் நடுவே பற்றவைத்துள்ள குறுக்குக் குழாய். ஒரு சிலிண்டரில் ஸீல் தேய்ந்தால் முன்தூக்கி முழுவதும் சோர்ந்து இறங்கும், அல்லது தூக்கும் வலிமை குறையும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து நிற்பது அதனால் பெரும்பாலும் ஏற்படுவதில்லை.

இதை ஒரே வரியில் நினைவில் வைத்துக்கொள்ளலாம். தானே இறங்கினால் எண்ணெயைப் பார். ஒரு பக்கம் சாய்ந்தால் காற்றையும் இரும்பையும் பார். தேவையில்லாமல் புதுச் சிலிண்டர் வாங்கியவர்களுக்கு இந்த ஒரு வரி பணத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

டயர்கள் சரி, பின் அச்சும் மட்டம் என்றால் முன்னோக்கிச் செல்வோம். கைகள் தொடங்கும் இடத்தில், சட்டத்தின்மேல் உள்ள இரு பின்களின் உயரத்தை மட்டக்குழாயால் அளக்க வேண்டும். அங்கே வேறுபாடு தோன்றினால் குறை சட்டத்தில். போல்ட் தளர்ந்திருக்கலாம், தாங்கி வளைந்திருக்கலாம். அங்கேயும் சமம் என்றால் கைகளின் நுனியில், பக்கெட் மாட்டும் பின்களை அளக்க வேண்டும். வேறுபாடு அங்கே முதன்முதல் தோன்றினால் கை முறுக்கிக்கொண்டது அல்லது குறுக்குக் குழாய் திருகிக்கொண்டது என்று பொருள்.

இங்கே ஒரு கணக்குக் கண்ணி இருக்கிறது. இரு கைகளின் நுனிப் பின்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர்; அங்கே வேறுபாடு 1.2 சென்டிமீட்டர். பக்கெட்டின் இரு மூலைகளில் வேறுபாடு 1.8 சென்டிமீட்டர். 0.6 சென்டிமீட்டர் கூடியிருக்கிறதே, பக்கெட்டிலும் குறை உண்டோ என்று தோன்றும். ஆனால் அகலம் 80இலிருந்து 120 ஆகியிருக்கிறது. 80க்கு 1.2 என்றால் 120க்கு 1.8. சாய்வு ஒன்றே, பக்கெட் குற்றமற்றது. அகலத்தால் வகுக்காமல் உயரத்தை ஒப்பிட்டால் நிரபராதிமேல் பழி விழும்.

கை நுனிவரை எல்லாம் சமம், பக்கெட்டில் மட்டும் சாய்வு என்றால் இரண்டு காரணங்கள் எஞ்சுகின்றன. ஒன்று, பின்னும் புஷ்ஷும் தேய்வது. மற்றது, பக்கெட்டே கோணலாவது. தேய்மானத்தை அறிய, பக்கெட்டைத் தரையில் மெல்ல ஊன்றி, எஞ்சினை நிறுத்திவிட்டு, கடப்பாறையால் ஒவ்வொரு பின்னுக்கு அருகிலும் நெம்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆட்டம் மிகுதியானால் அந்தப் பக்கம் கிரீஸ் போகவில்லை என்று ஊகிக்கலாம். நிப்பிள் அடைத்துக்கொண்டிருப்பது வழக்கமான காரணம். 80 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் பக்கெட் மூலைகளில் அது 4.5 மில்லிமீட்டராகத் தெரியும். புஷ்ஷும் பின்னும் மாற்றுவது சிறிய செலவு. மாற்றாமல் விட்டால் துளை நீள்வட்டமாகி, வெல்டிங் செய்து மறுபடி குடைய வேண்டிய பெரிய செலவாகும்.

பக்கெட் கோணலா என்பதை அறியவும் ஓர் அழகான சோதனை உண்டு. பக்கெட்டின் அடித்தகடு தரைக்கு இணையாக இருக்கும்போது ஒரு முறை மூலைகளை அளக்க வேண்டும். பிறகு கொட்டும் நிலைக்குக் கவிழ்த்து, வெட்டும் விளிம்பு கீழ்நோக்கி நிற்கும்போது ஒரு முறை அளக்க வேண்டும். நல்ல பக்கெட்டின் விளிம்பு அது சுழலும் பின்களின் கோட்டுக்கு எப்போதும் இணையாக இருக்கும். ஆகவே குறை பக்கெட்டுக்குப் பின்னால், கையிலோ சட்டத்திலோ டயரிலோ இருந்தால், எந்த நிலையில் அளந்தாலும் சாய்வு மாறாது. நிலை மாற மாறச் சாய்வும் மாறினால் குறை பக்கெட்டில். கவிழ்த்த நிலையில் மட்டும் சாய்வு தோன்றினால் விளிம்பின் ஒரு மூலை அதிகம் தேய்ந்திருக்கிறது. மட்டமான நிலையில் மட்டும் தோன்றினால் அடித்தகடு முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நூலை மூலையிலிருந்து மூலைக்கு இழுத்துப் பிடித்தால் வளைவு கண்ணுக்கே தெரியும்.

கையும் குழாயும் ஏன் திருகிக்கொள்கின்றன? பக்கெட்டின் ஒரு மூலையால் மரவேரை நெம்புவது, வேகமாக வந்து ஒரு மூலை சிமென்ட் விளிம்பில் மோதுவது, ஒரே பக்கத்தில் பாரத்தை ஏற்றித் தூக்குவது ஆகியவை முக்கிய காரணங்கள். ஈரத் துணியை இரு கையால் பிழிவதுபோல அந்தக் குறுக்குக் குழாய் பிழியப்படுகிறது. திருகிய கையை நேராக்கச் சிலர் தாழ்ந்த மூலையின் கீழ்க் கட்டை வைத்து, எண்ணெய் அழுத்தத்தால் மறுபக்கத்தைக் கீழே அழுத்துவதுண்டு. இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கட்டை தெறிக்கலாம், ஏற்கனவே வெல்டிங்கில் முடிபோன்ற விரிசல் இருந்தால் அது பிளந்துவிடலாம். பெயின்ட் உரிந்து, துருக் கோடு தெரியும் இடம் விரிசலின் அடையாளம். அதைக் கண்டால் வண்டியை நிறுத்தி, பட்டறையில் காட்டுவதே முறை. எவ்வளவு சாய்வை அனுமதிக்கலாம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சாய்ந்த பக்கெட்டோடு வேலை தொடர்வதில் உயிர் ஆபத்தும் உண்டு. முன் அச்சு தராசுபோல அசையும் என்று சொன்னோம். பாரத்தை உயரத் தூக்கும்போது பின் சக்கரங்களின்மேல் உள்ள எடை குறைகிறது. அப்போது உடல் சாய்ந்தால் அதைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. வண்டி பக்கவாட்டில் கவிழும். ஆகவே பாரத்தை எப்போதும் தாழ்வாகச் சுமக்க வேண்டும். பின்னால் எதிர்எடை மாட்ட வேண்டும். கவிழ்வுக் காப்புச் சட்டம் உள்ள வண்டியில் இருக்கை வாரை அணிய வேண்டும். சாய்வைச் சரிசெய்யாமல் உயரத் தூக்கக் கூடாது.

கடைசியாக ஒரு யோசனை. வண்டி புதிதாக வந்த நாளில், அல்லது பழுது பார்த்து மட்டமாக்கிய நாளில், நாம் சொன்ன ஐந்து இடங்களின் அளவையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பின் டயர்களின் காற்று, பின் அச்சு, சட்டத்துப் பின், கை நுனி, பக்கெட் விளிம்பு. மாதம் ஒரு முறை அளந்து அதன்கீழே எழுதுங்கள். அரை மணி நேர வேலை. எந்த மாதத்தில், எந்த வரியில் எண் மாறியது என்று அந்த நோட்டே சொல்லிவிடும். ஓட்டுபவர்கள் மாறினாலும் நோட்டு மாறாது. எவர் காலத்தில் குறை நேர்ந்தது என்ற சண்டைக்கு இடமிராது. நேர்மையாக உழைப்பவருக்கு அது சாட்சியாகவும் நிற்கும்.

நோட்டில் எழுதுவதற்கு ஆங்கிலம் தேவையில்லை. இடது, வலது, சென்டிமீட்டர், தேதி ஆகிய நான்கையும் தமிழில் எழுதத் தெரிந்தால் போதும். எழுதுவதற்குத் தயங்கும் தோழர் அருகில் இருந்தால், தெரிந்தவர் ஒரு நாள் கூட நின்று சொல்லிக்கொடுங்கள். அண்ணன் தம்பியாய் ஒரே அறையில் தங்கி உழைப்பவர்கள் இதைச் செய்வது கடினமன்று. அடுத்த முறை பக்கெட் சாய்ந்து நின்றால், ஸ்பேனரை எடுக்குமுன் மட்டக்குழாயை எடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.

வணக்கம்.